முக்கோணம் உறுதியானதா, பிடிவாதமானதா?

வாசகர் கேள்வி, ஜூன் 2, காலை 8.15

வடிவங்களிலேயே வலுவானது முக்கோணம்தான் என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். பாலம், கூரை, மின்கோபுரம் எல்லாவற்றிலும் முக்கோணம் இருப்பது அதனால்தானாம். அந்த வலு எங்கிருந்து வருகிறது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. பள்ளியில் படித்த 180 பாகை, பிதாகரஸ், நடுக்கோடு எல்லாம் தேர்வோடு சரி. வீட்டு வேலையில் உண்மையிலேயே பயன்படுத்தியவர்கள் யாராவது உண்டா?

ஜூன் 2, இரவு 9.40

உண்டு. தப்பாகப் பயன்படுத்தி மூக்குடைபட்டதும் உண்டு. அந்தக் கதை பிறகு.

'வலு' என்ற சொல்லோடுதான் எனக்குத் தகராறு. தீக்குச்சியில் செய்த முக்கோணத்தைச் சின்னப் பிள்ளைகூட ஒடித்துவிடும். வலு மரத்துக்கும் இரும்புக்கும் உரியது. முக்கோணத்திடம் இருப்பது பிடிவாதம்.

கெட்டி அட்டையில் ஒரே நீளத்துக்கு நான்கு பட்டைகள் வெட்டி, மூலைக்கு ஒரு குண்டூசி குத்திச் சதுரமாக்குங்கள். ஒரு மூலையை விரலால் தள்ளினால் சதுரம் சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். பட்டைகளின் நீளம் துளியும் மாறவில்லை, மூலைகள்தான் வளைந்து கொடுத்தன. ஒரு பட்டையை உருவிவிட்டு மற்ற மூன்றையும் அதேபோல இணைத்துத் தள்ளிப் பாருங்கள். அசையாது. அசைய வேண்டுமானால் ஏதாவது ஒரு பட்டை நீள வேண்டும், குறுக வேண்டும், இல்லையென்றால் ஒடிய வேண்டும். மூன்று நீளங்களைச் சொன்ன மாத்திரத்தில் மூன்று கோணங்களும் முடிவாகிவிடுகின்றன, மறுபேச்சு இல்லை. சர்வசமத்துக்கு ப-ப-ப (பக்கம்-பக்கம்-பக்கம்) என்று மனப்பாடம் செய்தோமே, அதேதான். ஒன்பதாம் வகுப்பில் அது ஏன் முக்கியம் என்று எனக்குப் புரியவே இல்லை.

ஜூன் 3, காலை 6.50

ஒரு சின்னத் திருத்தம். 'அசையாது' என்று எழுதிவிட்டேன். குண்டூசி குத்திய ஓட்டை பெரிதாகிவிட்டால் முக்கோணமும் லொடலொடவென்று ஆடும். காலையில் செய்து பார்த்தேன், என் அட்டை மெல்லியது.

ஜூன் 3, இரவு 10.20

கதைக்கு வருகிறேன். தோட்டத்துக்கு நானே ஒரு மரக் கேட் செய்தேன். அகலம் 120 செ.மீ., உயரம் 150 செ.மீ. சுற்றிலும் சட்டம், அதன்மேல் பலகைகள். மாட்டிய அன்று கச்சிதமாக மூடியது. இரண்டே மாதத்தில் தாழ்ப்பாள் பக்கம் 2 செ.மீ. தொங்கி, தரையைச் சுரண்ட ஆரம்பித்தது. மூலைவிட்டங்களை அளந்தேன். இரண்டும் 192 செ.மீ. இருந்திருக்க வேண்டும். ஒன்று மற்றதைவிட 3 செ.மீ. நீளம். செவ்வகமாகச் செய்ததை எடை இணைகரமாக்கிவிட்டது.

சரி, குறுக்கே ஒரு சட்டம் அடித்தால் முக்கோணமாகிவிடும் என்று நினைத்தேன். கீல் பக்கத்து மேல்மூலையிலிருந்து தாழ்ப்பாள் பக்கத்து அடிமூலைக்குச் சாய்வாக அடித்தேன். மேலேயிருந்து தூக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பது என் கணக்கு. மூன்று வாரம் தாங்கியது. பிறகு அந்தச் சட்டத்தின் ஆணிகள் மெல்ல மெல்லப் பிடுங்கிக்கொண்டு, கேட் திரும்பவும் தொங்கிவிட்டது.

முக்கோணம் செய்த பிறகும் ஏன் தோற்றது? அந்தத் திசையில் அடித்த சட்டம் இழுவையில் வேலை செய்கிறது. மரம் இழுவையைத் தாங்கும், முனையில் இருக்கும் இரண்டு ஆணிகள் தாங்காது. சட்டத்தைத் திருப்பி, கீல் பக்கத்து அடிமூலையிலிருந்து தாழ்ப்பாள் பக்கத்து மேல்மூலைக்குப் போட்டிருந்தால் அது முட்டுக்கட்டை மாதிரி எடையை உந்தித் தாங்கும். அப்போது ஆணிக்கு வேலையே இல்லை, சட்டத்தின் முனை மூலையில் நன்றாக முட்டிக்கொண்டு நின்றால் போதும். மரக் கேட் எதையாவது கடந்துபோனால் குறுக்குச் சட்டம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். நான் இப்போது வேறெதையும் பார்ப்பதில்லை.

ஜூன் 4, மாலை 5.05

மரத்துக்குப் பதில் கம்பி கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டலாம், திசை மட்டும் நேர் எதிர். கம்பிக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளினால் வளைந்துவிடும். ஆகவே கம்பி மேல் கீலிலிருந்து கீழ்த் தாழ்ப்பாள் மூலைக்கு வர வேண்டும். நான் மரத்தை வைத்த அதே இடம். திசையில் நான் தப்பவில்லை, பொருளில்தான் தப்பிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

பக்கவாட்டில் ஆடும் புத்தக அலமாரிக்குப் பின்னால் கம்பியைப் பெருக்கல் குறி போல இரண்டு பக்கமும் கட்டுவதற்கும் இதே காரணம். அலமாரி இடப்பக்கம் சாய்ந்தால் ஒன்று இழுக்கும், வலப்பக்கம் சாய்ந்தால் மற்றது. கம்பி பிடிக்காதவர்கள் முதுகில் ஒரு மெல்லிய ப்ளைவுட் தகட்டை ஆணியடித்துவிடலாம். எந்த மூலைவிட்டமும் நீளவோ குறுகவோ அந்தத் தகடு விடாது.

ஜூன் 5, காலை 7.30

கூரையை மறந்துவிட்டேன். கூரையின் இரண்டு சாய்வுச் சட்டங்களையும் கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக எல்லோரும் புகழ்கிறார்கள். வேலை செய்வது அடியில் கிடைமட்டமாகப் போகும் சட்டம். அது இல்லாவிட்டால் சாய்வுச் சட்டங்கள் கால் அகட்டி, சுவரை வெளியே தள்ளும். இடைஞ்சலாக இருக்கிறது என்று அடிச்சட்டத்தை அறுத்துவிட்டு, சுவர் ஏன் வெடித்தது என்று கேட்பவர்களை என்னவென்று சொல்வது.

மடக்கு ஏணியில் இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பி வருமே, அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. சுவரில் சாய்க்கும் ஒற்றை ஏணிக்கு அந்தக் கம்பி கிடையாது. சுவர் ஒரு பக்கம், ஏணி ஒரு பக்கம், தரை மூன்றாவது பக்கம். அந்தத் தரைப் பக்கத்தைப் பிடித்து வைத்திருப்பது உராய்வு மட்டும்தான். அதனால்தான் நான்கு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு தள்ளி வை என்கிறார்கள், ஏறக்குறைய 75 பாகை. ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் இரண்டு மூலைமட்டங்களின் 45 பாகை மூலையையும் 30 பாகை மூலையையும் ஒட்டி வைத்தால் அந்தச் சாய்வு கண்முன்னே வந்துவிடும்.

ஜூன் 5, இரவு 11.00

"நான்கு பக்கங்களையும் அளந்துவிட்டேன், பரப்பு எவ்வளவு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்ல முடியாது. அவர் அளவைக் குறைசொல்லவில்லை. நான்கு பக்கங்களிலிருந்து பரப்பு வராது, அவ்வளவுதான். முதல் நாள் செய்த அட்டைச் சதுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 10 செ.மீ. பக்கமுள்ள சதுரத்தின் பரப்பு 100. அதையே ஒரு மூலை 30 பாகையாகும்வரை சாய்த்தால் பரப்பு 50. முழுக்கச் சாய்த்தால் பூஜ்யம். டேப் நான்கு தடவையும் 10 என்றுதான் சொல்லும்.

மனை அளவிலும் இதே கதை. எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரு ஜோடி 30 மீட்டர், மற்ற ஜோடி 20 மீட்டர். செவ்வகமானால் 600 சதுர மீட்டர். மூலை 60 பாகைக்குச் சாய்ந்திருந்தால் ஏறத்தாழ 520. எண்பது சதுர மீட்டர் காணாமல் போகிறது, நான்கு பக்கங்களில் ஒன்றும் குறையவில்லை. எதிர்ப்பக்கங்களின் சராசரியை எடுத்து ஒன்றோடொன்று பெருக்கும் குறுக்குவழி இருக்கிறதே, அது செவ்வகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அதிகமாகத்தான் காட்டும். விற்பவருக்கு வசதியான கணக்கு.

ஒரே ஒரு மூலைவிட்டத்தையும் அளந்துவிடுங்கள். நாற்கரம் இரண்டு முக்கோணமாகிவிடும், பிறகு இழுபறி கிடையாது. மூன்று பக்கங்களிலிருந்து பரப்புக்கு ஹெரான் சூத்திரம். 13, 14, 15 பக்கமானால் கூட்டுத்தொகையில் பாதி 21. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 8, 7, 6. நான்கு எண்களையும் பெருக்கினால் 7056, அதன் வர்க்கமூலம் 84. உயரம் தேட வேண்டாம், செங்குத்து இழுக்க வேண்டாம்.

இந்தச் சூத்திரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. 5, 6, 12 என்று அளவு கொண்டுவந்தால் எதிரெண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டு முரண்டு பிடிக்கும். இரண்டு பக்கங்களைக் கூட்டினாலும் மூன்றாவதை எட்டவில்லை என்றால் முக்கோணமே இல்லை, போய்த் திரும்ப அள என்று அர்த்தம்.

ஜூன் 7, மதியம் 1.10

முக்காலி ஆடாமல் நிற்பதற்கும் முக்கோணத்தின் உறுதிதான் காரணமா? முதலில் ஆமாம் என்று எழுதி, பிறகு அழித்தேன். காரணம் வேறு. மூன்று புள்ளிகளை எப்படி வைத்தாலும் அவை ஒரே தளத்தில் வந்துவிடும். நான்காவது புள்ளி அந்தத் தளத்தில் வந்தால் உண்டு, வராவிட்டால் ஒரு கால் அந்தரத்தில் தொங்கும், மேசைக்கு அடியில் காகிதம் மடித்து வைக்க வேண்டியதுதான். அதனால்தான் கேமராவுக்கும் நில அளவைக் கருவிக்கும் மூன்று கால்.

ஆடாது என்பது வேறு, கவிழாது என்பது வேறு. நம் எடை, கால்களை இணைக்கும் வடிவத்துக்குள் விழும்வரைதான் பாதுகாப்பு. கால்கள் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால், மூன்று கால் இருக்கையில் அந்த வடிவத்தின் விளிம்பு மையத்துக்கு அந்தத் தூரத்தில் பாதியிலேயே வந்துவிடுகிறது. நான்கு காலில் அது 0.7 பங்கு, ஐந்தில் 0.8. சுழல் நாற்காலிக்கு ஐந்து கால் ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? முக்காலியில் உட்கார்ந்தபடி பின்னால் சாய்ந்து எதையோ எடுக்கப்போய் இதை நான் முதுகால் கற்றுக்கொண்டேன்.

ஜூன் 7, மதியம் 1.25

கணினி விளையாட்டுகளில் முகம், மலை, கார் எல்லாவற்றையும் குட்டிக் குட்டி முக்கோணங்களாகப் பிரித்து வரைவதும் இதனால்தான். மூன்று முனைகள் என்றால் தளம் நிச்சயம். நான்கு முனைகள் என்றால் நடுவில் எங்கே மடிகிறது என்று கணினிக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஜூன் 8, இரவு 8.30

இசைக்கருவி 'ட்ரையாங்கிள்' எந்த வகை முக்கோணம் என்று கேட்டவருக்கு: எந்த வகையும் இல்லை. அதன் ஒரு மூலை திறந்திருக்கும். வெறும் வளைந்த கம்பி.

ஜூன் 9, இரவு 10.45

3-4-5 பற்றி எழுதாமல் இந்த இழை நிறைவு பெறாது. மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 மீட்டர், இன்னொரு பக்கம் 4 மீட்டர் குறித்து, குறிகளுக்கு இடையே 5 மீட்டர் வந்தால் மூலை செங்கோணம். கொத்தனார் நூல் கட்டும்போது செய்வது இதுதான். பெரிதாக அளப்பதில்தான் சூட்சுமம். 5 மீட்டரில் 1 செ.மீ. பிசகினால் கோணம் கால் பாகைதான் விலகும். அதே 1 செ.மீ. பிசகு 30-40-50 செ.மீ. முக்கோணத்தில் வந்தால் 2.4 பாகை. சின்ன மூலைமட்டத்தை வைத்துக்கொண்டு பெரிய அறைக்குக் கோடு போடாதீர்கள்.

என் பங்குக்கு ஒரு சொதப்பல். டேப்பின் முனைக் கொக்கி தளர்ந்திருந்ததால் 10 செ.மீ. கோட்டிலிருந்து அளந்தேன், நல்ல பழக்கம்தான். 3க்கும் 4க்கும் அந்தப் பத்தைச் சேர்த்துக்கொண்டேன், 5க்கு மறந்துவிட்டேன். ஆகக் குறுக்களவு 4.90. மூலை 87.6 பாகை. தளக்கற்களைப் பாதி பதித்த பிறகுதான் சுவரோரக் கல் ஆப்பு வடிவில் வெட்ட வேண்டியிருப்பது தெரிந்தது.

ஜூன் 10, காலை 9.00

வந்துவிட்டது, எதிர்பார்த்தேன். வர்க்கமூலமே இல்லாமல் கர்ணம் காணலாம் என்று, பழந்தமிழ்ச் செய்யுள் ஒன்றின் பேரில் வலையில் சுற்றிவரும் கணக்கை ஒட்டியிருக்கிறார்கள். நீண்ட பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒன்றைத் தள்ளு, மீதியோடு குட்டைப் பக்கத்தில் பாதியைச் சேர், அதுதான் கர்ணம். "பிதாகரஸ் தேவையில்லை" என்ற முழக்கத்தோடு.

போட்டுப் பார்த்தேன். 3, 4க்கு: 3.5 கூட்டல் 1.5, சரியாக 5. 5, 12க்கு: 10.5 கூட்டல் 2.5, சரியாக 13. இந்த இரண்டை மட்டும் காட்டித்தான் பரப்புகிறார்கள். 8, 15க்கு 17 வர வேண்டும், வருவது 17.125. 7, 24க்கு 25 வர வேண்டும், வருவது 24.5. 10, 10க்கு 14.14க்குப் பதில் 13.75.

2, 20 போட்டால்தான் வேடிக்கை. 17.5 கூட்டல் 1, மொத்தம் 18.5. செங்கோணத்துக்கு எதிரே இருக்கும் கர்ணம் 20 அளவுள்ள பக்கத்தைவிடக் குட்டையாம்! பெரிய கோணத்துக்கு எதிரே பெரிய பக்கம் என்பது முக்கோணத்தின் அரிச்சுவடி. குட்டைப் பக்கம் நீண்ட பக்கத்தில் கால் பங்குக்குக் கீழே போகும்போதெல்லாம் இந்தக் கணக்கு இப்படித்தான் உளறும்.

ஜூன் 10, இரவு 9.15

காலையில் கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன். நிதானமாகப் பார்த்தால் அது மோசமான தோராயம் இல்லை. குட்டைப் பக்கம் நீண்டதில் பாதியை ஒட்டி இருக்கும்போது பிழை நூற்றுக்கு ஒன்றைத் தொடுவதில்லை. கையில் ஒரு கோல், தலையில் ஒரு மனக்கணக்கு என்று வேலை செய்தவருக்கு அது பெரிய உதவி. தோராயம் என்று சொல்லிக் கொடுத்தால் நானும் கைதட்டுவேன். பிதாகரஸை வீட்டுக்கு அனுப்ப அதை இழுத்து வராதீர்கள்.

ஜூன் 12, மாலை 6.40

வட்டப் பலகையின் மையத்தைக் கண்டுபிடிக்க: மூலைமட்டத்தின் செங்கோண முனையை வட்ட விளிம்பில் வையுங்கள். அதன் இரண்டு கைகளும் விளிம்பை வெட்டும் இடங்களைக் குறித்துச் சேருங்கள். அது விட்டம். இன்னோர் இடத்தில் வைத்து இன்னொரு விட்டம். இரண்டும் வெட்டும் இடம் மையம். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்ற தேற்றத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறோம். மூலைமட்டம் இல்லையென்றால் ஒரு தாளின் மூலை போதும். இது வேலை செய்ததைப் பார்த்தபோது பத்தாம் வகுப்பு ஆசிரியரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

ஜூன் 12, இரவு 9.55

முக்கோணப் பலகையைக் கிடைமட்டமாகத் தொங்கவிட ஒரே கொக்கி எங்கே? நடுக்கோட்டு மையம். ஒவ்வொரு மூலையிலிருந்தும் எதிர்ப்பக்கத்தின் நடுவுக்குக் கோடு போட்டால் மூன்றும் ஒரே புள்ளியில் சந்திக்கும், மூலையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில். அட்டையில் வெட்டி அந்தப் புள்ளியில் பென்சில் முனையை வைத்தால் அப்படியே நிற்கும்.

"மையம்" என்று மொட்டையாகக் கேட்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மூன்று மூலைகளுக்கும் சமதூரம் வேண்டுமானால் சுற்றுவட்ட மையம், மூன்று பக்கங்களுக்கும் சமதூரம் வேண்டுமானால் உள்வட்ட மையம். ஒரு குழாயை மூன்று வீடுகளுக்கும் சமதூரத்தில் வைக்கச் சொல்லி, வீடுகள் விரிகோணமாக அமைந்திருந்தால் அந்தப் புள்ளி முக்கோணத்துக்கு வெளியே போய்விடும். யாருக்கும் பக்கமாக இராது. சமதூரம் எல்லோருக்கும் கிட்ட என்று ஆகாது.

ஜூன் 14, காலை 6.30

ரசமட்டம் இல்லாமல் மட்டம் பார்க்கலாமா? இரண்டு சம நீளக் கம்புகளைக் கூர்மாடம் போலக் கட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு, உச்சியிலிருந்து நூலில் ஒரு கல். இருசமபக்க முக்கோணத்தில் உச்சியிலிருந்து அடிப்பக்க நடுவுக்கு வரும் கோடு அடிப்பக்கத்துக்குச் செங்குத்து. ஆகவே நூல் நடுக்குறியில் நின்றால் இரண்டு கால்களும் ஒரே மட்டம். கம்புகள் கச்சிதமாகச் சமமில்லை என்றாலும் கவலை வேண்டாம். நூல் விழும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், இரண்டு கால்களையும் இடம் மாற்றி வைத்து மறுபடியும் குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் சரிநடுதான் உண்மையான மட்டக்குறி. சரிவான நிலத்தில் சமமட்டக் கோடு போட நான் இதைத்தான் நம்புகிறேன். காற்றடிக்கும் நாளில் கல் ஊஞ்சலாடும், அது ஒன்றுதான் தொல்லை.

ஜூன் 15, இரவு 10.10

180 பாகைக்கு வருவோம். பள்ளியில் கோணமானியால் அளந்தால் எனக்கு 178, 181 என்றுதான் வரும். கடைசிக் கோணத்தை அளக்காமல் கழித்து எழுதிவிடுவேன். எல்லோரும் அப்படித்தானே? காகித முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்து ஒரு கோட்டின்மேல் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், நேர்கோடு நிரம்பிவிடும். நிரூபணம் இல்லை, நம்பிக்கை வரும்.

இது தட்டையான தாளில் மட்டும். உருண்டையில் கூட்டுத்தொகை ஏறும். வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோட்டுக்கு இறங்கி, அதன்மேல் உலகின் கால் சுற்று நடந்து, மறுபடியும் துருவத்துக்கு ஏறினால் மூன்று மூலையும் செங்கோணம், மொத்தம் 270. வீட்டு வேலைக்குத் தேவையா? இல்லை. நாட்டையே அளப்பவர்களுக்குத் தேவைப்பட்டது. ஒரு கோட்டை மட்டும் அளந்துவிட்டு மற்றதையெல்லாம் கோணங்களால் கணக்கிடலாம் என்ற வழியை டச்சுக் கணித அறிஞர் ஜெம்மா ஃபிரிசியஸ் 1533இல் எழுதினார். ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802இல் பரங்கிமலைக்கு அருகே சுமார் 12 கி.மீ. அடிக்கோட்டை அளந்து தொடங்கிய முக்கோண வலை வடக்கே இமயம்வரை போனது. பக்கம் 30 கி.மீ. உள்ள சமபக்க முக்கோணத்தில் பூமியின் வளைவால் கூடும் கோணம் 2 விகலைதான், ஒரு பாகையில் 1800இல் ஒரு பங்கு. அதையும் அவர்கள் கணக்கில் சேர்த்தார்கள். அந்த வலையின் கடைசியில்தான் 1856இல் எவரெஸ்ட்டின் உயரம் 29,002 அடி என்று அறிவித்தார்கள். அதாவது 8,840 மீட்டர். 2020இல் அறிவித்தது 8,848.86. மலையில் கால் வைக்காமல் முக்கோணத்தால் மட்டும் அளந்து, பிசகு ஏறக்குறைய 9 மீட்டர்தான். நான் 4.90 மீட்டரை 5 என்று எழுதியவன், வேறென்ன சொல்ல.

ஜூன் 16, காலை 7.20

"இப்போது ஜிபிஎஸ்ஸும் அதே முக்கோண வேலைதானே?" கிட்டத்தட்ட, ஆனால் இல்லை. நில அளவையில் அளப்பது கோணம். ஜிபிஎஸ் கோணம் எதையும் அளப்பதில்லை. செயற்கைக்கோள்களிலிருந்து சிக்னல் வந்துசேரும் நேரத்தை வைத்துத் தூரத்தைத்தான் கணக்கிடுகிறது. மூன்று தூரங்கள் போதும் என்று தோன்றும், ஆனால் நம் கைப்பேசியின் கடிகாரம் அவ்வளவு துல்லியமில்லை. அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க நான்காவது செயற்கைக்கோள்.

ஜூன் 16, இரவு 8.50

மரத்தின் உயரம்: சதுரத் தாளை மூலைவிட்டத்தில் மடித்தால் 45 பாகை. அடிப்பக்கத்தைக் கிடைமட்டமாகப் பிடித்து, சாய்வுப் பக்கத்தின் வழியே மரத்தின் உச்சி தெரியும்வரை பின்னால் நடங்கள். அடிமரத்துக்கான தூரமும் உங்கள் கண் உயரமும் சேர்ந்தால் மரத்தின் உயரம். கண் உயரத்தைச் சேர்க்க மறந்து ஒரு மரத்தை ஒன்றரை மீட்டர் குட்டையாக்கியவன் நான். தரை சரிவாக இருந்தால் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

ஜூன் 18, இரவு 10.00

சைக்கிள் சட்டத்தை இங்கே சேர்க்க நினைத்து, போய் உற்றுப் பார்த்தேன். பின்பக்கம் ஒழுங்கான முக்கோணம். முன்பக்கம் முக்கோணம் என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, அது நாற்கரம். கைப்பிடிக்குக் கீழே இருக்கும் அந்தக் குட்டைக் குழாயும் ஒரு பக்கம்தானே. அப்படியானால் அது ஏன் சாய்வதில்லை? மூலைகள் குண்டூசி இல்லை, பற்றவைத்தவை. மூலை கெட்டியாக இருந்தால் நாற்கரமும் நிற்கும், கதவுநிலை நிற்கிறது இல்லையா. முதல் நாள் நான் எழுதியது மூலைகள் தளர்ந்த உலகத்துக்கு. என் கேட்டும் அந்த உலகம்தான்.

ஜூன் 21, மாலை 4.35

முக்கோணத் துணியை இரண்டு பேருக்குச் சமமாக வெட்ட, ஒரு மூலையிலிருந்து எதிர்ப்பக்கத்தின் நடுவுக்கு ஒரே வெட்டு. அடிப்பக்கம் பாதி, உயரம் அதே, பரப்பும் பாதி. இரண்டு துண்டும் பார்க்க வேறு வேறாக இருக்கும், அதனால் சண்டை வரும். அடிப்பக்கத்துக்கு இணையாக, உயரத்தில் பாதியில் வெட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் மேல்துண்டை எடுத்துக்கொள்ள ஒப்புக்கொள்ளாதீர்கள். அது கால் பங்குதான். பக்கங்கள் பாதியானால் பரப்பு கால்.

இணையாகத்தான் வெட்ட வேண்டும், ஆனால் சரிபாதி வேண்டும் என்றால் எங்கே வெட்டுவது? யோசித்து எழுதுங்கள்.

ஜூன் 23, காலை 8.05

மூன்றில் இரண்டு என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். நடுக்கோட்டு மையத்தின் வழியே வெட்டினால் பாதியாகும் என்ற நினைப்பு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அங்கே வெட்டினால் மேல்துண்டு ஒன்பதில் நான்குதான், கீழ்த்துண்டு ஐந்து. அப்படி வெட்டியும் பலகை அந்தக் கோட்டில் சமநிலையாக நிற்கிறதே என்றால், மேல்துண்டின் எடை குறைவு, ஆனால் தூரமாக நீண்டிருக்கிறது. சமநிலை வேறு, சமபங்கு வேறு. விடை, உச்சியிலிருந்து உயரத்தின் 0.707 பங்கு. இரண்டின் வர்க்கமூலத்தால் ஒன்றை வகுத்தால் வருவது.

ஜூன் 29, மாலை 6.15

கேட் என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு. பழைய குறுக்குச் சட்டத்தைப் பிடுங்கிவிட்டு, கேட்டைக் கழற்றித் தரையில் படுக்கவைத்து, இரண்டு மூலைவிட்டங்களும் சமமாகும்வரை தட்டிச் சரிசெய்தேன். புதிய சட்டத்தைக் கீழ்க் கீல் மூலையிலிருந்து எதிர் மேல்மூலைக்கு, இரண்டு முனையும் இறுக்கமாக முட்டும்படி அறுத்துப் பொருத்தினேன். முதலில் அறுத்தது அரை செ.மீ. குட்டை, அது இப்போது செடிக்கு ஊன்றுகோல். நேற்றோடு மூன்று வாரம். மூலைவிட்டங்களின் வித்தியாசம் 2 மி.மீ. கேட் தரையைத் தொடவில்லை. தாழ்ப்பாளைத்தான் பழைய தொங்கலுக்கு ஏற்றபடி கீழே இறக்கி வைத்திருந்தேன், இன்று அதை மேலே ஏற்ற வேண்டும்.